முதல் பொட்டு

சிற்றம்பலம் கோயம்புத்தூரில் ஒரு பாலிடெக்னிக்கில் முப்பத்தொரு வருஷம் எஞ்சின் பாடம் நடத்தியவர். அத்தனை வருஷத்தில் ஒரு எஞ்சினைக்கூடத் தன் கையால் பிரித்து மூடியதில்லை. மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் சாக்பீஸ் சார். அது அவருக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ரிட்டயராகி மூன்றாம் வருஷம் அவர் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து இறங்கியது. ஓட்டிக்கொண்டு வரவில்லை, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஜப்பானில் செய்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு.

அவர் மனைவி மங்கையர்க்கரசியின் அண்ணன் கோத்தகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்தார். வாலிபத்தில் இந்தக் காரை எடுத்துக்கொண்டு மலைப் பந்தயங்களுக்குப் போவார். பக்கத்து இருக்கையில் மேப்பை மடியில் விரித்து வைத்துக்கொண்டு வழி சொன்னது தங்கை மங்கைதான். அண்ணன் சாகிறதுக்கு முன்னால் தங்கைக்கென்று எழுதி வைத்தது அந்த ஒரு காரைத்தான்.

மங்கை காரை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"ஏனுங்க, நீங்க எஞ்சின் வாத்தியார்தானே. ஓட வைங்க."

"பார்க்கலாம்."

"பார்க்கறதெல்லாம் வேண்டாமுங்க. பழைய கார் மியூசியத்துல இருந்து கேட்டிருக்காங்க. ஆயுத பூஜைக்குள்ள ஓடினா நம்ம வண்டி. இல்லாட்டி அவங்களுக்குக் கொடுத்துடறேன். கண்ணாடிக்குள்ள நின்னாலும் துரு ஏறாம நிக்கும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சிற்றம்பலத்துக்குச் சுருக்கென்றது. அந்தக் கார் மியூசியத்துக்குப் போனால், சாக்பீஸ் சார் என்ற பெயர் காலேஜோடு நிற்காமல் வீட்டுக்குள்ளும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடும்.

காரில் இருந்தது ரோட்டரி எஞ்சின். மற்ற எஞ்சின்களில் பிஸ்டன் மேலும் கீழும் குதிக்கும். இதில் குதிப்பதற்கு ஒன்றும் இல்லை. நிலக்கடலைக் காய் வடிவத்தில் ஒரு கூடு. அதற்குள் வயிறு புடைத்த முக்கோணம் ஒன்று உருண்டு உருண்டு சுற்றும். முக்கோணத்தின் மூன்று நுனியிலும் மெல்லிய பட்டையாக ஒரு சீல். அது கூட்டின் சுவரை விடாமல் தடவிக்கொண்டே போக வேண்டும். இப்படி இரண்டு கூடு, இரண்டு முக்கோணம். சிற்றம்பலம் வருஷா வருஷம் போர்டில் இதைப் படம் போட்டிருக்கிறார். நேரில் பார்த்தது இதுதான் முதல் தடவை.

கேட்ட இடத்திலெல்லாம் ஒரே பெயரைச் சொன்னார்கள். கணபதி ஏரியாவில் மரகதத்தின் ஒர்க்‌ஷாப். பந்தயக்காரர்கள்கூட அங்கேதான் போவார்களாம்.

மரகதத்துக்கு முப்பத்தேழு வயது இருக்கும். சுடிதார்மேல் காக்கிச் சட்டை. வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வண்டியை விட்டுட்டுப் போங்க சார். ரெண்டு மாசத்துல தர்றேன்."

"விட்டுட்டுப் போக வரலைம்மா. நானே என் கையால பண்ணணும். நீங்க சொல்லிக் கொடுக்கணும்."

"உங்களுக்கு என்னங்க தெரியும்?"

"இந்த எஞ்சின் எப்படி ஓடுதுன்னு முழுசாத் தெரியும்."

"காட்டுங்க."

சிற்றம்பலத்தின் சட்டைப் பையில் அப்போதும் ஒரு சாக்பீஸ் இருந்தது. வேட்டியை மடித்துக்கொண்டு சிமென்ட் தரையில் உட்கார்ந்து வரைந்தார். கூடு, முக்கோணம், காற்று வரும் வழி, புகை போகும் வழி. அம்புக்குறி போட்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி, அடிக்கோடும் இட்டார். பத்து நிமிஷம் ஆயிற்று. அவர் வாழ்க்கையிலேயே அவ்வளவு நல்ல படம் வந்ததில்லை.

மரகதம் படத்தைச் சுற்றி வந்து நான்கு பக்கமும் பார்த்தாள்.

"ரொம்ப நல்லா இருக்குதுங்க சார். இப்ப இதை ஸ்டார்ட் பண்ணுங்க."

சிற்றம்பலம் சாக்பீஸும் கையுமாக நின்றார். வெட்கமாக இருந்தது. கூடவே, எங்கேயோ சரியான இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டோம் என்ற சந்தோஷமும் வந்தது. குனிந்து கைக்குட்டையால் படத்தை அழித்தார்.

"எத்தனை மணிக்கு வரட்டும் மேஸ்திரி?"

"எட்டு மணிக்குங்க. வேட்டி வேண்டாம்."

அந்த நிமிஷம் வரைக்கும் அவர் மனசுக்குள் மரகதம் 'அவள்'. அதற்கப்புறம் 'அவர்'. நாமும் அப்படியே சொல்லிக்கொண்டு போவோம்.

முதல் வெள்ளிக்கிழமை காலை மேஸ்திரி குளித்துவிட்டு வந்து சந்தனம் குழைத்தார். ஒர்க்‌ஷாப் சுவரில் ஆணியடித்து ஒரு பழைய கூடு மாட்டியிருந்தது. உள்பக்கம் முழுக்கக் கீறல். பழைய இரும்புக் கடைக்காரன்கூட யோசிக்கிற சாமான். மேஸ்திரி முதல் பொட்டை அதற்கு வைத்தார். அடுத்தது சாமி படத்துக்கு. அப்புறம்தான் ஸ்பேனர், ஜாக்கி, கம்ப்ரெஸர் எல்லாம்.

"வீணாப் போனதுக்கு ஏன் மேஸ்திரி முதல் பொட்டு?"

"வேலை முடியட்டுங்க சார். சொல்றேன்."

அன்றைக்கே எஞ்சினைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். பிரித்ததைக் கழுவுவதற்கே ஒரு மாசம் பிடித்தது.

கழுவுகிற ஒவ்வொரு சின்னச் சாமானுக்கும் இடம் உண்டு. மேஸ்திரி இட்லித் தட்டுகளை வரிசையாக வைத்திருந்தார். ஒரு குழியில் ஒரு நுனியின் இரண்டு ஸ்பிரிங், அடுத்த குழியில் அடுத்த நுனியுடையது. நீளமான பட்டைகள் பழைய பென்சில் டப்பாக்களில் நம்பர் போட்டுப் படுத்திருந்தன. சிற்றம்பலம் மூன்றாம் நாள் உற்சாகத்தில் ஒரு தட்டைப் பளபளவென்று கழுவி, எல்லா ஸ்பிரிங்கையும் ஒரே கிண்ணத்தில் கொட்டி வைத்துவிட்டார்.

மேஸ்திரி கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்.

"சார் வீட்டுல எத்தனை பேருங்க?"

"நானும் மங்கையும்தான்."

"அப்ப செருப்பு மாறிப் போக வழியில்லைங்க. இதுல பன்னெண்டு பேரு."

எது எந்த நுனியுடையது என்று தேய்மானத்தைப் பார்த்துப் பார்த்துப் பிரித்து வைக்க இரண்டு நாள் ஆயிற்று. மேஸ்திரி கை கொடுக்கவில்லை. டீ மட்டும் கொடுத்தார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. போல்ட்டை முடுக்கி முடித்ததும் மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து சிவப்பு நகப்பூச்சு பாட்டிலை எடுத்து, போல்ட் தலையிலிருந்து பக்கத்து உலோகத்துக்குச் சேர்த்து ஒரு கோடு இழுப்பார். அவர் நகத்தில் ஒரு நாளும் பூச்சு இருந்ததில்லை.

"இது எதுக்கு மேஸ்திரி?"

"போல்ட்டுக்கு வாய் கிடையாதுங்க. தானாத் தளர்ந்தாலும் சரி, யாராச்சும் தளர்த்தினாலும் சரி, கோடு ரெண்டாப் போயிடும்."

சிற்றம்பலத்துக்கு அது பிடித்துப்போயிற்று. அதற்கப்புறம் கோடு போடுகிற வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். ஸ்கேல் வைத்துப் போடுவார்.

ஆவணியில் எஞ்சினை மூட ஆரம்பித்தார்கள். டிபன் கேரியரை அடுக்குவது மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். இரும்புத் தட்டு, கூடு, முக்கோணம், மறுபடியும் தட்டு, மறுபடியும் கூடு. சீல் நழுவாமலிருக்க வாஸ்லின் தடவி ஒட்ட வைக்க வேண்டும். கடைசியில் நீள போல்ட்டுகளை உள்ளே விட்டு, வரிசை மாறாமல் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். புதுச் சீல்கள் ஜப்பானிலிருந்து வந்து சேர நாலு மாசம் ஆகும் என்றார்கள். மேஸ்திரி கையிருப்பில் ஒரே ஒரு செட்தான் இருந்தது. அதைத்தான் கொடுத்தார்.

சிற்றம்பலம் முதல் தடவை மூடி முடித்து, கோடெல்லாம் போட்டு, நிமிர்ந்தார். இட்லித் தட்டில் ஒரு ஸ்பிரிங் மிச்சம் இருந்தது.

மேஸ்திரியும் பார்த்தார்.

"பிரிக்கணுமா மேஸ்திரி?"

"அதை எஞ்சின்கிட்ட கேளுங்க. எனக்கு வேணுமா வேண்டாமான்னு அதுதான் சொல்லணும்."

பிரித்தார். இரண்டாவது தடவை ஸ்பிரிங் எதுவும் மிஞ்சவில்லை, ஆனால் கையால் சுற்றிப் பார்த்தபோது ஒரு நுனி இழுத்துப் பிடித்தது. மறுபடியும் பிரித்தார். மங்கை மதியச் சாப்பாடு கொண்டுவந்தவர், பிரித்துப் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "நல்லா வளருதுங்க, குழந்தை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவது தடவை மூடியதும் மேஸ்திரி கையால் சுற்றச் சொன்னார். சிற்றம்பலம் சுற்றினார். உள்ளேயிருந்து புஸ், புஸ், புஸ் என்று மூன்று மூச்சு வந்தது. மறு சுற்றிலும் மூன்று. ஒன்றுக்கொன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அறுபத்து மூன்று வயசில் மூச்சு கேட்டுக் கண் கலங்குவதை யாரும் பார்க்காமலிருக்க, ஸ்பேனர் தேடுகிறவர் மாதிரி குனிந்துகொண்டார்.

அடுத்து எண்ணெய் பம்ப். எஞ்சினின் முன்பக்கம் உட்கார்கிற சின்னப் பெட்டி. அதிலிருந்து இரண்டு மெல்லிய குழாய்கள் கிளம்பிக் காற்றும் பெட்ரோலும் கலக்கிற இடத்துக்குப் போகும்.

மேஸ்திரி அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "இது எதுக்குங்க சார்?"

சிற்றம்பலத்துக்குக் குரல் வகுப்பறைக்குத் திரும்பிவிட்டது. "நுனியில் உள்ள சீல் கூட்டின் சுவரில் இடைவிடாமல் உராய்வதால், அதற்கு உயவு தேவைப்படுகிறது; இல்லையேல் அது சுவரைக் கீறிவிடும். ஆகவே சிறிதளவு எண்ணெய் எரிபொருளுடன் சேர்ந்து உள்ளே சென்று எரிய வேண்டும். ரெண்டு மார்க் கேள்வி மேஸ்திரி. ஏழு தடவை வந்திருக்கு."

"பசங்க எழுதினாங்களா?"

"எழுதினாங்க. நான் சொன்னதை வார்த்தை மாறாம எழுதினாங்க."

"சரிங்க. மாட்டுங்க."

ஆயுத பூஜைக்கு நாலு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை சாயங்காலம், எஞ்சினை முதல் தடவை ஸ்டார்ட் செய்தார்கள். சாவியைத் திருப்பியது சிற்றம்பலம். கொஞ்ச நேரம் முனகிவிட்டு, சட்டென்று பிடித்து, ஆயிரம் தேனீ கிளம்புகிற மாதிரி ஒரு சத்தம். கூடவே புகை. மூடும்போது தடவிய எண்ணெயும் வாஸ்லினும் எரிய ஒர்க்‌ஷாப்பே மறைந்துவிட்டது. மங்கை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஏனுங்க, இது காரா, கொசு மருந்து வண்டியா?"

கால் மணியில் பெரும் புகை அடங்கியது. ஆனால் பின்னாலிருந்து நூல் மாதிரி நீலமாக ஒன்று வந்துகொண்டே இருந்தது.

"இது எப்ப நிக்கும் மேஸ்திரி?"

"இவ்வளவு இருக்குங்க சார். அது உசிரோட இருக்கற வரைக்கும்."

சிற்றம்பலம் தலையாட்டினார். அவருக்குத் தெரிந்த விஷயம்தான். ஏழு தடவை வந்த கேள்வி.

மேஸ்திரி மறுநாள் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் பொள்ளாச்சி போனார். போகும்போது சாவியைச் சிற்றம்பலத்திடம் கொடுத்துவிட்டுப் போனார். வண்டியைத் துடைத்து வைக்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை துடைத்தார். பத்தரைக்குள் துடைத்து முடித்துவிட்டார். அப்புறம் காரின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து யோசித்தார்.

ஆயுத பூஜைக்கு அக்கம்பக்கத்து ஒர்க்‌ஷாப்காரர்கள் எல்லாரும் வருவார்கள். பழைய மாணவர்கள் நாலு பேர் அந்தத் தெருவிலேயே கடை வைத்திருக்கிறார்கள். எஞ்சின் புகைந்தால், சரியாக மூடவில்லை என்றுதான் பார்க்கிறவன் சொல்லுவான். சாக்பீஸ் சார் மூடினது அப்படித்தான் இருக்கும் என்பான். அவனுக்குப் போய் ரெண்டு மார்க் கேள்வியை விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

அதுவும் இவ்வளவு நன்றாக மூடின எஞ்சினுக்கு அவ்வளவு எண்ணெய் எதற்கு? மூன்று மூச்சும் ஒரே மாதிரி வந்ததே. பூஜை அன்றைக்கு மட்டும் நிறுத்தி வைப்போம். மறுநாள் எடுத்துவிடுவோம்.

மனுஷனுக்கு ஒரு காரியத்தைச் செய்ய ஆசை வந்துவிட்டால் காரணங்கள் கூப்பிடாமலே வந்து வரிசையில் நிற்கும்.

வீட்டுக்குப் போய் தன் பழைய ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்துவந்தார். முதலில் பேப்பரில் காம்பஸ் வைத்து வரைந்துகொண்டார். பிறகு பெட்டியின் மூடியிலிருந்து, குழாய் இரண்டும் கிளம்புகிற மூட்டின் அளவுக்கு ஒரு தகடு வெட்டினார். ஓரத்தை அரம் போட்டுத் தேய்த்தார். கை வைத்தால் கீறாத அளவுக்குத் தேய்த்தார். மூட்டைக் கழற்றி, தகட்டை இடையில் கொடுத்து, பழையபடி முடுக்கினார். வழி அடைபட்டது. முப்பத்தொரு வருஷத்தில் அவர் செய்த முதல் சொந்த உதிரி பாகம் அதுதான். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஆயுத பூஜை. ஒர்க்‌ஷாப்பைக் கழுவிவிட்டு, வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பொரி, கடலை, சுண்டல். மேஸ்திரி அன்றைக்குப் புடவை கட்டியிருந்தார், மேலே காக்கிச் சட்டை இல்லை. சந்தனக் கிண்ணத்தோடு நேரே சுவருக்குப் போய், கீறல் விழுந்த கூட்டுக்கு முதல் பொட்டு வைத்தார். அப்புறம் சாமிக்கு. அப்புறம் சாமான்களுக்கு.

காரிடம் வந்தார். பானெட் திறந்திருந்தது. எஞ்சினுக்கு ஒரு பொட்டு வைத்தார். அவர் விரல் எண்ணெய் பம்ப் பக்கம் போய் ஒரு நொடி நின்றது. அப்புறம் அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒரு நிமிஷம் இருங்க சார். பெட்ரோல் இருக்குதான்னு பார்த்துடறேன்."

ஒரு கேனை எடுத்துக்கொண்டு காரின் பின்பக்கம் போனார். ஏதோ ஊற்றினார். பின்பக்கத்தை இரண்டு பக்கமும் பிடித்து நாலு தடவை குலுக்கிவிட்டு வந்தார்.

நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. மங்கை பட்டுப்புடவையோடு இடது பக்க இருக்கையில் ஏறி, மஞ்சள் பூத்த பழைய மேப்பை மடியில் விரித்தார். அன்னூர் ரோடு அந்த மேப்பில் இருந்ததைவிட நாலு மடங்கு அகலமாகிவிட்டது. அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

சிற்றம்பலம் சாவியைத் திருப்பினார். எஞ்சின் உடனே பிடித்தது. எலுமிச்சம்பழம் நான்கும் நசுங்கின. தெருவில் கை தட்டினார்கள். சிற்றம்பலம் நிம்மதியாகக் கண்ணாடியில் பார்த்தார்.

பின்னால் நூல் மாதிரி நீலப் புகை.

அடைத்தாயிற்றே. எங்கிருந்து வருகிறது? நாற்சந்தி தாண்டுவதற்குள் மூன்று தடவை பார்த்தார். நூல் அறுபடவில்லை.

"ரோட்டைப் பாருங்க" என்றார் மங்கை. "நேரா எண்பது மீட்டர். அப்புறம் வலது, மெதுவா."

கோவில்பாளையம் தாண்டியதும் சாலை காலியாக இருந்தது. எஞ்சின் பாடிக்கொண்டு போயிற்று. மங்கை ஜன்னல் கண்ணாடியை இறக்கி, கண்ணை மூடி, மூச்சை நன்றாக இழுத்தார்.

"இந்த வாசனைதாங்க. கொசு மருந்துன்னு அன்னிக்குக் கேலி பண்ணிட்டேன். ராத்திரியெல்லாம் அண்ணன் ஞாபகம். அவன் வண்டி இப்படித்தான் புகைஞ்சுக்கிட்டே மலை ஏறும். இது இல்லாம வண்டி வந்திருந்தா, வேற யாரோடதோ மாதிரி இருந்திருக்கும்."

சிற்றம்பலம் கியரை மாற்றினார். மாற்ற வேண்டிய இடம் அது இல்லை.

"இன்னொண்ணும் சொல்றேன்" என்றார் மங்கை. "காலேஜ்ல உங்களுக்கு ஒரு பேரு உண்டு. உங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்கறேன்."

"தெரியாது."

"தெரிஞ்சுக்க வேண்டாம். இனிமே அது செல்லாது."

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் மங்கை அவரை அந்த மாதிரிப் பாராட்டியதில்லை. அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நிறைந்த நெஞ்சில் ஜியாமெட்ரி பாக்ஸ் மூடி ஒன்று குத்திக்கொண்டே அன்னூர் வரைக்கும் வந்தது. திரும்பும்போதும் குத்தியது.

ஒர்க்‌ஷாப்பில் கூட்டம் கலைந்திருந்தது. மங்கை சுண்டலை வாங்கிக்கொண்டு நிழலில் போய் உட்கார்ந்தார். சிற்றம்பலம் மேஸ்திரியிடம் போனார். இத்தனை நாளில் ஆயிரம் கேள்வி கேட்டிருக்கிறார். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் வாய் வரவில்லை.

"மேஸ்திரி, ஒரு சந்தேகம்."

"கேளுங்க சார்."

"அந்த எண்ணெய்க் குழாயை யாராவது அடைச்சுட்டா, புகை நின்னுடணும் இல்லையா?"

"நிக்கணுங்க."

"நிக்கலையே."

மேஸ்திரி ஒரு பொரியை வாயில் போட்டுக்கொண்டார். "யாருங்க அடைச்சாங்க?"

"ஒரு ஆள்னு வெச்சுக்குங்க."

"நல்லாப் படிச்ச ஆளாங்க?"

"படிச்ச ஆள்தான்." சிற்றம்பலம் தரையைப் பார்த்தார். ஒரு நாள் அவர் படம் போட்டு அழித்த இடம் அது. "நான்தான் மேஸ்திரி. ஞாயித்துக்கிழமை."

மேஸ்திரி பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து நீட்டினார். அது இத்தனை நேரமும் அவர் பக்கத்திலேயே இருந்தது.

எஞ்சின் ஆறும் வரைக்கும் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். சிற்றம்பலம் குழாய் மூட்டைக் கழற்றக் குனிந்தார். அப்போதுதான் கண்ணில் பட்டது. சிவப்புக் கோடு இரண்டாக நின்றது. போல்ட்டின் மேல் பாதி, உலோகத்தின் மேல் பாதி. ஸ்கேல் வைத்து அவரே போட்ட கோடு.

"காலையில பொட்டு வைக்கும்போதே பார்த்துட்டீங்க."

"பார்த்தேனுங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"மங்கையம்மா மேப்போட வந்து உக்காந்துட்டாங்க. பட்டுப்புடவை வேற."

"பெட்ரோல் கேன்ல என்ன இருந்தது?"

"எண்ணெய்தாங்க. பம்ப் கொடுக்கலைன்னா டேங்க்ல கலந்து கொடுக்கணும். சீலுக்கு எப்படி வந்தா என்னங்க, வந்தாப் போதும்."

சிற்றம்பலம் மூட்டைக் கழற்றி, தகட்டை எடுத்துக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையெல்லாம் எண்ணெய். ஒரே ஒரு செட் சீல். அன்னூர் வரைக்கும் போய் வந்த அறுபது கிலோமீட்டர். ஜன்னலோரம் கண் மூடிக்கொண்டு மங்கை. எல்லாம் ஒரு தடவை கண் முன்னால் வந்து போயிற்று.

"ஏழு தடவை வந்த கேள்வி மேஸ்திரி. விடையை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அப்படியும் என் கை போய் அடைச்சிருக்கு."

மேஸ்திரி எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து அவர் முன்னால் கவிழ்த்தார்.

சின்னச் சின்னத் தகடுகள் விழுந்தன. ஒன்று தகர டின்னில் வெட்டியது. ஒன்று பித்தளை. ஒன்று எக்ஸ்ரே ஃபிலிமை மடித்து மடித்து வைத்தது. ஒரு மகானுபாவன் கல்யாணப் பத்திரிகை அட்டையையே வெட்டியிருந்தான். எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவம்.

"இங்க வந்து கத்துக்கிட்டவங்களோடதுங்க. உங்களைச் சேர்த்தா எட்டு."

சிற்றம்பலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மேஸ்திரியும் சிரித்தார். நிழலில் இருந்த மங்கை, என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள்.

மேஸ்திரி சிற்றம்பலத்தின் தகட்டை வாங்கி விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"எட்டுலயும் இதுதாங்க சார் சுத்தமான வேலை. ஓரம் இவ்வளவு நல்லாத் தேய்ச்சவங்க யாருமில்லை."

டப்பாவில் போட்டார். சிற்றம்பலம் மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டார். கடைசியில் ஒன்று மிஞ்சியது. மற்றவை வெறுமனே எண்ணெய்க் கறையோடு இருந்தன. இது மட்டும் நீலம் பாய்ந்து, ஒரு ஓரம் கருகி, நெளிந்து போயிருந்தது. அந்தச் சூட்டைப் பார்த்த தகடு வேறு எதுவும் அந்த டப்பாவில் இல்லை.

அதைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். கீறல் விழுந்த கூட்டில் காலையில் வைத்த சந்தனம் காய்ந்து வெளுத்திருந்தது.

"மேஸ்திரி, முதல் வெள்ளிக்கிழமை உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். வேலை முடியட்டும்னு சொன்னீங்க."

மேஸ்திரி அந்தக் கருகின தகட்டை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"இது என்னுதுங்க சார். அந்தக் கூடு இருந்த வண்டி கிளம்பும்போது, டேங்க்ல எண்ணெய் ஊத்தி அனுப்ப யாரும் இல்லைங்க."